சிரிக்காத ஊர் தேடி

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் கல்யாண வீட்டுப் பந்தலில் நாலு பேர் உட்கார்ந்தால் இப்போது கட்டாயம் காதில் விழுகிற பேச்சு ஒன்று உண்டு. "பையன் இன்ஜினியரிங் முடிச்சுட்டான் அண்ணாச்சி. எல்லாம் தெரியும், இங்கிலீஷ்னா மட்டும் வாய் திறக்க மாட்டேங்கான். ஆறு மாசம் லண்டன்லயோ மால்டாவுலயோ ஒரு லாங்குவேஜ் ஸ்கூல்ல போட்டுட்டா சரியாயிரும்ங்காங்க." சொல்கிறவருக்குத் தென்னந்தோப்பு இருக்கலாம், நாலு விசைத்தறி இருக்கலாம். "தண்ணியில இறக்கிவிட்டாத்தான நீச்சல் வரும்" என்று பக்கத்து நாற்காலிப் பெரியவர் சொல்வார். அதற்கு மேல் யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை. தோப்பை எந்த பேங்கில் அடமானம் வைத்தால் வட்டி குறைவு என்பதற்குப் பேச்சு நகர்ந்துவிடும்.

இந்தக் கருத்தை நான் ஏற்கவில்லை. அதற்காக, சொல்கிறவர்களை விவரம் இல்லாதவர்கள் என்று தள்ளவும் மாட்டேன். அவர்கள் காட்டும் ஆதாரம் கண்ணெதிரே இருக்கிறது. ராஜபாளையத்து மில் வாசலில் ஷிப்ட் மாறுகிற நேரத்துக்குப் போய் நின்றால் போதும். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பையன்கள் டீக்கடையில், "அண்ணே, ரெண்டு டீ, ஒரு வடை. கணக்குல எழுதிக்கோங்க, சனிக்கிழம தாரேன்" என்கிறார்கள். அந்தத் 'தாரேன்' அப்படியே நம் ஊர் இழுப்பு. வந்து ஒரு வருஷம்கூட ஆகியிருக்காது. இவன் இங்கே வந்து தமிழ் பழகிக்கொள்ளும்போது நம் பிள்ளை அங்கே போய் ஆங்கிலம் பழகமாட்டானா என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான்.

ஆனால் அந்த ஒடிசாப் பையனுக்கு யார் தமிழ்ப் பள்ளி வைத்தார்கள்? அவன் வந்தது வேலைக்கு. மேஸ்திரி சொல்வது புரியாவிட்டால் சம்பளத்தில் கை வைப்பார்கள், கடைக்காரருக்குச் சொல்லத் தெரியாவிட்டால் பட்டினி. தேவைதான் அவனுக்கு வாத்தியார். அவனையே ராஜபாளையத்தில் ஒரு தமிழ் மொழிப் பள்ளியில் சேர்த்து, பிரேசில்காரரும் கொரியாக்காரரும் துருக்கிக்காரரும் இருக்கிற வகுப்பில் உட்காரவைத்து, வகுப்பு முடிந்ததும் அவன் ஊர்ப் பையன்களோடே ஒரு வீட்டில் தங்கவைத்து, எங்கும் வேலைக்குப் போகக்கூடாது என்று சட்டமும் போட்டுப் பாருங்கள். எத்தனை வருஷம் ஆனாலும் 'தாரேன்' வராது.

வெளிநாட்டு மொழிப் பள்ளி என்பது ஏறக்குறைய இதுதான். பிரிட்டனில் ஆங்கிலம் படிக்க மட்டும் போகிறவருக்கு ஆறு மாதத்திலிருந்து பதினோரு மாதம் வரை தருகிற குறுகியகாலப் படிப்பு விசாவில் வேலை செய்ய அனுமதி கிடையாது. சம்பளத்துக்கும் கூடாது, சும்மாவும் கூடாது. கனடாவிலும் மொழிப் படிப்பு மட்டும் படிக்கிறவர் வளாகத்துக்கு வெளியே வேலை பார்க்க முடியாது. மில் பையனுக்குத் தமிழ் கற்றுக்கொடுத்தது எதுவோ, அதைத்தான் இந்த விசா முதல் வேலையாகத் தடுக்கிறது. ஆஸ்திரேலியா வேலைக்கு விடும், இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம். ஆனால் புதிதாகப் போகிற நம் பையனுக்கு அந்த 48 மணி நேரமும் பெரும்பாலும் எங்கே கிடைக்கும்? ஏதோ ஒரு இந்திய ஹோட்டலின் சமையல்கட்டில், பஞ்சாபிக்காரரோடும் ஆந்திராக்காரரோடும் வெங்காயம் உரிக்கிற இடத்தில். அங்கே அவன் இந்தி கற்றுக்கொண்டு வருகிறான்.

வகுப்புக்குள்ளே போவோம். ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். வாரத்துக்குப் பதினைந்து மணி நேரம் வகுப்பு, பதினைந்து மாணவர்கள். ஆசிரியர் வாயே திறக்காமல் நேரத்தை எல்லாருக்கும் சமமாகப் பங்கு போட்டுக் கொடுத்தாலும் ஒருவருக்கு வாரத்துக்கு ஒரு மணி நேரம். ஆசிரியர் பாதி நேரம் பேசினால் அரை மணி. கூச்சப்படுகிற பிள்ளைக்கு அதிலும் பாதி. விமான டிக்கெட், வாடகை, குளிருக்குச் சட்டை எல்லாம் வாங்கிப் போய்ப் பேசுகிற ஆங்கிலம் வாரத்துக்குக் கால் மணி நேரம். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரும் ஆங்கிலம் தெரியாமல் வந்தவர்தான். வகுப்பு விட்டால் வாடகையைப் பங்கிட்டுக்கொள்ள நம் ஊர்ப் பையன்கள் நாலு பேர் ஒரே வீட்டில். குக்கர் விசில், விஜய் டிவி, சாம்பார்ப் பொடி பார்சல் எல்லாம் வந்துசேர்ந்துவிடும். அவர்களைக் குறை சொல்லவில்லை. தனியாக இருக்கச் சொன்னால் எனக்கும் கஷ்டம்தான்.

இதை அளந்து பார்த்தவர்களும் உண்டு. பார்பரா ஃப்ரீட், நார்மன் செகலோவிட்ஸ், டான் டூயி என்ற மூன்று ஆய்வாளர்கள் பிரெஞ்சு படிக்கும் அமெரிக்க மாணவர்களை மூன்று வகையாகப் பிரித்து ஒப்பிட்டு 2004இல் வெளியிட்டார்கள். ஒரு குழு சொந்தக் கல்லூரியில் வழக்கமான வகுப்பு. இன்னொன்று பிரான்சுக்கே போய்ப் படித்தது. மூன்றாவது அமெரிக்காவிலேயே இருந்துகொண்டு, கோடைக்காலத்தில் பிரெஞ்சு தவிர வேறு பேசாமல் படித்தது. பேச்சு ஓட்டத்தில் அதிகம் முன்னேறியவர்கள் அந்த மூன்றாவது குழுவினர். பிரான்சுக்குப் போனவர்கள் வகுப்புக்கு வெளியே பிரெஞ்சைவிட ஆங்கிலமே அதிகம் பேசியிருந்தார்கள். மொத்தம் 28 பேரை மட்டும் வைத்துச் செய்த சிறிய ஆய்வு, அதை வைத்து உலகத்தையே அளந்துவிட முடியாது. ஆனாலும் பாரிஸ் மண்ணில் நின்றால் பிரெஞ்சு காலில் ஏறிவிடும் என்ற நம்பிக்கைக்கு அது நல்ல அடி. அமெரிக்காவில் வெர்மான்ட் மாநிலத்து மிடில்பரி கல்லூரி 1915 முதல் கோடைக்கால மொழிப் பள்ளி நடத்துகிறது. படிக்கிற மொழியைத் தவிர வேறு பேசமாட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத்தான் அங்கே சேர வேண்டும். கையெழுத்துக்கு இருக்கிற பலம் பாஸ்போர்ட்டுக்கு இல்லை.

கொரியாக்காரர்களைப் பாருங்கள். கையில் காசு உள்ளவர்கள், பிள்ளைகளின் ஆங்கிலத்துக்கு வாரி இறைப்பவர்கள். அவர்களில் ஏராளமானோர் லண்டனுக்குப் போகாமல் பிலிப்பைன்ஸில் பாகியோ, செபு என்ற ஊர்களுக்குப் போகிறார்கள். பிலிப்பைன்ஸ்காரருக்கும் ஆங்கிலம் நம்மைப் போல இரண்டாவது மொழிதான். ஆனால் அங்கே ஒரு மாணவருக்கு ஒரு ஆசிரியர் என்று நாள் முழுக்கப் பேசவைக்கிற வகுப்பு மலிவாகக் கிடைக்கிறது. பேசுகிற நேரத்தைத்தான் கொரியாக்காரர் விலைக்கு வாங்குகிறார். இந்தியாவில் அந்தச் சரக்குக்குப் பஞ்சமா? 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி ஆங்கிலத்தை முதல், இரண்டாம், மூன்றாம் மொழியாகப் பேசுகிறவர்கள் இந்த நாட்டில் சுமார் 12 கோடியே 90 லட்சம் பேர். பிரிட்டனின் மொத்த மக்கள்தொகையைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு.

நெதர்லாந்துக்காரர்கள் இன்னொரு பாடம். பிறமொழியாளர்களில் ஆங்கிலத்தை நன்றாகக் கையாள்பவர்கள் என்று எந்தப் பட்டியல் போட்டாலும் முன்வரிசையில் நிற்கிறார்கள். அவர்கள் ஆங்கிலப் படத்தைப் பெரும்பாலும் தங்கள் மொழிக்கு டப்பிங் செய்வதில்லை, கீழே எழுத்துப் போட்டுப் பார்க்கிறார்கள். நம் தியேட்டரில் ஹாலிவுட் கதாநாயகன் மதுரைத் தமிழ் பேசுகிறான். எனக்கு அது ரொம்பப் பிடிக்கும், அதை நிறுத்தச் சொல்லமாட்டேன். ஆங்கிலம் காதில் விழ லண்டன் வேண்டும் என்கிறவர் வீட்டு டிவியில் மொழியை மாற்றுகிற பொத்தானை ஒரு தடவையாவது அழுத்தியிருக்கிறாரா என்றுதான் கேட்கிறேன்.

"சரி அண்ணாச்சி, ஆனா போயிட்டு வந்தவன் பேசுறானே, அதுக்கு என்ன சொல்றீங்க?" என்பார்கள். பேசுகிறான், உண்மை. ஏன் பேசுகிறான் என்பதை அய்யனார் கோவில் ஆற்றங்கரையில் வைத்துச் சொல்கிறேன்.

ராஜபாளையத்திலிருந்து மேற்கே மலையடிவாரத்துக்குப் பத்து கிலோமீட்டர் சொச்சம் போனால் நீர்காத்த அய்யனார் கோவில். மழை பெய்து ஆற்றில் தண்ணீர் ஓடினால் ஞாயிற்றுக்கிழமை வேன் நிறுத்த இடம் இருக்காது. மலையில் மழை என்றால் காட்டாற்று வெள்ளம் சொல்லாமல் வரும். வனத்துறை அடிக்கடி மறிப்பதும் அதனால்தான். அப்படி ஒரு ஞாயிறு. நரை அணிலைப் பார்க்க வந்த வடநாட்டுத் தம்பதி ஒன்று, தோளில் கேமராவோடு, பாறைகளைத் தாண்டி மேலே ஏறப் பார்த்தது. குளித்துக்கொண்டிருந்த கல்லூரிப் பையன் ஒருவன் தலை துவட்டுவதை நிறுத்திவிட்டுக் கூப்பிட்டான். "சார், சார்! அங்க நாட் அலவுட். மவுண்டன் ரெயின். வாட்டர் சடன்லி கமிங்." அவர் நின்றார், புரிந்தது, கும்பிட்டு நன்றி சொன்னார், மனைவியைக் கூட்டிக்கொண்டு இறங்கிப் போனார். ஒருவேளை ஒரு உயிரைக்கூடக் காப்பாற்றியிருக்கக்கூடிய ஆங்கிலம் அது.

அடுத்த நொடி அவன் கூட்டாளிகள் பிடித்துக்கொண்டார்கள். "ஏலேய், பீட்டரு! வாட்டர் சடன்லி கமிங்காம்லே!" ஒருவன் தண்ணீரை அவன் மேல் வாரியடித்து "சடன்லி கமிங்" என்றான். பிரியாணி பார்சலைப் பிரிக்கும்போது "சிக்கன் சடன்லி கமிங்." வேனில் ஏறும்போது "மாப்ள சடன்லி கமிங்." அந்தப் பையனும் கூடவே சிரித்தான். வேறென்ன செய்வான்? ஆனால் அடுத்த தடவை யாராவது மேலே ஏறினால் அவன் வாயைத் திறப்பான் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

இதே பையனை டப்ளினிலோ பிரைட்டனிலோ ஒரு வகுப்பில் கொண்டுபோய் வையுங்கள். பக்கத்தில் இருக்கும் பிரேசில்காரர் அவனைவிடக் கோணலாகப் பேசுவார். யாரும் சிரிக்கமாட்டார்கள், ஏனென்றால் எல்லாரும் அதே கோணல். மாமா இல்லை, சித்தப்பா இல்லை, கூடப் படித்தவன் இல்லை. ரெண்டு மாதத்தில் வாய் திறந்துவிடும். இலக்கணம் அப்படியேதான் இருக்கும், சொல் வளமும் பெரிதாகக் கூடியிருக்காது. திரும்பி வந்ததும் எல்லாரும் அந்த மண்ணின் மகிமை என்கிறோம். அந்த மண்ணில் நாம் இல்லை என்பதுதான் மகிமை. இத்தனை லட்சம் கொடுத்து அப்பா வாங்கியது, மகனைப் பார்த்து யாரும் சிரிக்காத ஆறு மாதம்.

நம் சிரிப்பு விசித்திரமானது. தப்பாகப் பேசினால் "தமிழ் மீடியம்லா" என்று ஒரு சிரிப்பு. சரியாகப் பேசினால் "பீட்டர் விடுதான்" என்று இன்னொரு சிரிப்பு. நடுவில் இருக்கிற ஒரே பத்திரமான இடம் மவுனம், பிள்ளைகள் அங்கே போய் உட்கார்ந்துகொள்கிறார்கள். ஆங்கிலவழிப் பள்ளிகள் சில இதற்கு மேலே ஒரு படி போய், தமிழில் பேசினால் அபராதம் என்று வைத்திருக்கின்றன. அபராதம் கட்டப் பயந்த பிள்ளை ஆங்கிலம் பேசுவதில்லை, எதுவுமே பேசுவதில்லை. இன்டர்வியூவில் 'ஹேஸ்' வரவேண்டிய இடத்தில் 'ஹேவ்' வந்ததற்கு முகத்தைச் சுளிக்கிற அதிகாரியும் இந்த ஊர்க்காரர்தான். வெள்ளைக்காரர் சுளிப்பதில்லை. வேலை ஆகிறதா என்று பார்ப்பார்.

பழைய கதைக்கு வருவோம். ஆங்கிலப் பேச்சுக்காக வெள்ளி நாவினர் என்று பெயர் வாங்கிய வி.எஸ். சீனிவாச சாஸ்திரி வலங்கைமானில் 1869இல் பிறந்து, கும்பகோணத்தில் படித்து, சேலத்திலும் திருவல்லிக்கேணியிலும் பள்ளி ஆசிரியராக இருந்தவர். இங்கிலாந்துக்கு அவர் போனது 1919இல், ஐம்பது வயதை ஒட்டி. ஆர்.கே. நாராயண் கல்லூரி நுழைவுத் தேர்வில் ஆங்கிலத்தில் தோற்றவர். அவர் நாவல் 1935இல் லண்டனில் வெளிவந்தது, அவர் முதன்முதலாக வெளிநாடு போனது 1956இல். இதைச் சொன்னால் உடனே ஒரு குரல் எழும்: அவர்களெல்லாம் வீட்டில் மூன்று தலைமுறைப் படிப்பு உள்ளவர்கள், எங்கள் பிள்ளைக்கு அது ஏது? கேள்வி சரி. அப்படியானால் அண்ணாவை எடுத்துக்கொள்ளுங்கள். காஞ்சிபுரத்து நெசவாளர் குடும்பம், பச்சையப்பன் கல்லூரி. 1962இல் மாநிலங்களவையில் டெல்லி திரும்பிப் பார்க்கிற மாதிரி ஆங்கிலத்தில் பேசியவர், அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்குப் போனது 1968இல், முதலமைச்சரான பிறகு. நம் காலத்தில் இஸ்ரோ தலைவராக இருந்த சிவன், குமரி மாவட்டத்துக் கிராமத்தில் தமிழ்வழியில் படித்த விவசாயி மகன். எந்த மொழிப் பள்ளியிலும் சேர்ந்து அவர் ராக்கெட் விடவில்லை.

ராஜபாளையத்துக்காரருக்கு இதை நான் விளக்குவதே வேடிக்கை. ராஜுக்கள் நூற்றாண்டுகளாக வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ் என்று இருப்பவர்கள். யாரும் பிள்ளைக்குத் தெலுங்கு வரவேண்டும் என்று விஜயவாடாவுக்கு அனுப்பவில்லை. அப்பத்தா பேசினாள், வந்தது. தப்பாகப் பேசின பேரனை அவள் கொஞ்சினாள்.

இனி பணம். ஆஸ்திரேலிய மாணவர் விசாவுக்கான கட்டணம் 710 டாலராக இருந்தது. 2024 ஜூலையில் 1,600 ஆக்கினார்கள், 2025 ஜூலையில் 2,000 ஆக்கினார்கள். நம் பணத்தில் ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது. விசா மறுத்தால் அது திரும்ப வராது. வாழ்க்கைச் செலவுக்கு என்று 29,710 டாலர் இருப்புக் காட்ட வேண்டும், பதினாறு லட்சத்துக்கு மேல். அந்த இருப்பைக் காட்டுவதற்கே வட்டிக்குப் பணம் தருகிறவர்கள் உண்டு என்பது ஊரறிந்த ரகசியம். பள்ளியை நம்பலாமா என்றால், டப்ளினில் 2014, 2015 ஆண்டுகளில் பத்துக்கும் மேற்பட்ட தனியார் கல்லூரிகளும் மொழிப் பள்ளிகளும் ஒன்றன்பின் ஒன்றாகக் கதவைச் சாத்தின. முன்கூட்டியே கட்டணம் கட்டிய வெளிநாட்டு மாணவர்கள் தெருவில் நின்றார்கள். பிரிட்டனில் 2014இல் பிபிசி நிகழ்ச்சி ஒன்று ஆங்கிலத் தேர்வு மையங்களில் ஆள்மாறாட்டம் நடப்பதை வெளியில் கொண்டுவந்தது. அதைத் தொடர்ந்து ஆயிரக்கணக்கான மாணவர்களின் விசா ரத்தானது, ஒழுங்காகத் தேர்வு எழுதியவர்களும் அதில் மாட்டிக்கொண்டு வருஷக்கணக்கில் கோர்ட்டுக்கு அலைந்தார்கள்.

ஏஜென்ட் இன்னொரு ஆசையும் காட்டுவார். "முதல்ல லாங்குவேஜ் கோர்ஸ்ல உள்ள போயிரட்டும், அப்புறம் அப்படியே வேலைக்கு மாத்திக்கலாம்." பிரிட்டனின் அந்தக் குறுகியகாலப் படிப்பு விசாவை அங்கே இருந்துகொண்டு நீட்டிக்கவும் முடியாது, வேறு விசாவுக்கு மாற்றவும் முடியாது. வெளிநாட்டில் வேலைதான் குறி என்றால் கேரளத்து நர்சுகளைப் பாருங்கள். பிரிட்டனில் நர்சாகப் பதிய ஐஇஎல்டிஎஸ் தேர்வில் 7 மதிப்பெண் வேண்டும், எழுத்துக்கு மட்டும் 6.5 போதும். அதை அவர்கள் கோட்டயத்திலும் அங்கமாலியிலும் உட்கார்ந்து படித்து வாங்குகிறார்கள். ஆங்கிலத்தை இங்கே முடித்துக்கொண்டு, அங்கே சம்பளத்துக்குப் போகிறார்கள். நாம் காசு கொடுத்து ஆங்கிலத்துக்குப் போகிறோம், வேலை இல்லாமல் திரும்புகிறோம்.

யாருமே போகக்கூடாது என்று சொல்ல வரவில்லை. கல்யாணமாகி அங்கே குடியேறுகிற பெண், வேலை உறுதியாகிப் போகிறவர், அங்கேயே பட்டப்படிப்பில் சேர்ந்து அதற்கு முன்னோட்டமாக ஒரு மொழி வகுப்பு எடுக்கிறவர், இவர்களுக்கெல்லாம் அந்த வகுப்பால் பலன் உண்டு. வசதி உள்ள வீட்டுப் பிள்ளை ஊர் பார்த்ததாகவும் இருக்கட்டும் என்று போனால் அது அவர்கள் சௌகரியம். தோப்பை அடமானம் வைத்து, வாயைத் திறப்பதற்காக மட்டும் போகிறவரிடம்தான் எனக்குச் சண்டை.

உள்ளூரில் என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் 1875இல் தொடங்கிய பென்னிங்டன் நூலகம் இருக்கிறது. ஆங்கிலத்தில் கதைப்புத்தகம் ஒன்றை முழுசாகப் படித்து முடித்த இன்ஜினியரிங் பட்டதாரி நம் தெருவில் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். சொல் சேராமல் பேச்சு வராது, படிக்காமல் சொல் சேராது, அதற்கு விசா வேண்டியதில்லை. பேசுவதற்கு ரெண்டு கூட்டாளிகள், தினம் ஒரு மணி நேரம், சிரிப்பதில்லை என்ற ஒப்பந்தத்தோடு. ஒரு மாதத்தில் ஆளுக்குப் பத்து மணி நேரம் பேசியிருப்பார்கள். வெளிநாட்டு வகுப்பில், ஆசிரியர் பாதி நேரம் பேசுகிற கணக்குப்படி, அதற்கு ஐந்து மாதம் ஆகும்.

"உச்சரிப்பு?" என்பது கடைசிக் கேள்வியாக வரும். ஐஇஎல்டிஎஸ் தேர்விலேயே நீங்கள் எந்த ஊர்க்காரர் என்று காட்டுகிற பேச்சுவாடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. கேட்கிறவருக்குப் புரிகிறதா என்றுதான் பார்க்கிறார்கள். ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் சத்திரப்பட்டி, பேண்டேஜ் துணிக்குப் பேர்போன ஊர், தெருவெல்லாம் விசைத்தறிச் சத்தம். அங்கே ஏற்றுமதி செய்கிற ஒரு கம்பெனியில் கணக்கெழுதுகிறவரை எனக்குத் தெரியும். தமிழ்வழியில் படித்த பி.காம். மதுரையைத் தாண்டி அதிகம் போனதில்லை. ஐரோப்பாவில் இருக்கிற வாங்குபவரோடு ஒரு சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை இழை, வெளுப்பு போதுமா, தண்ணீரை எத்தனை வினாடியில் உறிஞ்ச வேண்டும், போன லாட்டில் ஓரம் ஏன் பிரிந்தது என்று நாள் முழுக்க மெயிலும் போனுமாக இருக்கிறார். இவர் காலத்தைத் தப்பாகப் போடுவார், அந்த ஐரோப்பியர் ஒருமை பன்மையைத் தப்பாகப் போடுவார். அவருக்கும் ஆங்கிலம் தாய்மொழி இல்லை. இவர் தப்புக்கு அவர் சிரித்ததில்லை, அவர் தப்புக்கு இவரும் சிரித்ததில்லை. தூத்துக்குடியிலிருந்து கன்டெய்னர் சரியான தேதிக்குக் கிளம்பிவிடுகிறது.